ரிவால்வருக்கு ஜோடியாக லீவர் ரைஃபிள் வாங்குவதற்கு முன்

ஒரே தோட்டா டப்பா, இரண்டு துப்பாக்கி. ரிவால்வரில் போடுவதையே லீவர் ரைஃபிளிலும், அதாவது விசையைச் சுற்றியிருக்கும் கைப்பிடியைக் கீழே தள்ளி மேலே இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் ரைஃபிளிலும், போடலாம், செலவு மிச்சம், அலமாரியில் இடமும் மிச்சம். ஒஹாயோவில் துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் சீக்கிரமே இந்தக் கணக்கில் வந்து நிற்பார்கள். நானும் அந்தக் கணக்கைப் போட்டுத்தான் வாங்கினேன். கணக்கு தப்பில்லை. ஆனால் குழலின் மேல் பொறித்திருக்கும் தோட்டாப் பெயர் இரண்டிலும் ஒன்றாக இருந்துவிட்டால் வேலை முடிந்தது என்று கடைக்காரர்கள் பேசுவார்கள் பாருங்கள், அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். தோட்டாவின் நீளம், சுடும்போது அதற்குள் எழும் அழுத்தம், அதன் முனையில் இருக்கும் குண்டின் மூக்கு வடிவம் மூன்றும் பெயரைவிட முக்கியம்.

என்னிடம் இருப்பது ரூகர் ஜிபி100 ரிவால்வர், .357 மேக்னம் தோட்டாவுக்கானது, 4.2 அங்குலக் குழல். கொலம்பஸ் பக்கத்து ரேஞ்சில் சுடுவதற்காக வாங்கியது. ரைஃபிள் ஆசை வந்தது மான் வேட்டையால். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒவ்வொரு வருடமும் நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ, தேங்க்ஸ்கிவிங் முடிந்த திங்கட்கிழமை தொடங்கும் துப்பாக்கி சீசனுக்கு, ஹாக்கிங் மலைப்பக்கம் போவார். என்னையும் கூப்பிட்டார். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்து உரிமம் எடுத்தேன். அடுத்து எந்தத் துப்பாக்கி என்ற கேள்வி.

ஒஹாயோவில் மான் வேட்டைக்கு எந்த ரைஃபிளையும் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. சமவெளியும் வீடுகளும் அதிகம் என்பதால், நெடுந்தூரம் பாயும் குண்டுகளை இந்த மாநிலம் விரும்புவதில்லை. வெகுகாலம் ஷாட்கன்தான் முக்கிய ஆயுதம். 2014-இல்தான் நேர்ச்சுவர்த் தோட்டா ரைஃபிள்களை, அதாவது கூடு கழுத்தில் குறுகாமல் நேராக வரும் தோட்டாக்களுக்கான ரைஃபிள்களை, அனுமதித்தார்கள். குண்டின் அளவு .357 முதல் .50 அங்குலம் வரை இருக்கலாம். ரிவால்வர்த் தோட்டாக்களில் பெரும்பாலானவை இப்படி நேர்ச்சுவர் கொண்டவைதான். அதனால் மூலையில் கிடந்த லீவர் ரைஃபிள்களுக்கு இங்கே திடீர் மவுசு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கைத்துப்பாக்கியால் மான் சுடவும் இங்கே அனுமதி இருக்கிறது. ஆனால் குழல் குறைந்தது 5 அங்குலம் இருக்க வேண்டும். என் ரிவால்வர் தோட்டாவில் பாஸ், குழலில் பெயில். ஜோடி ஜோடி என்று நான் வாங்கியதில் பாதி, சீசன் நாளில் மானைப் பார்த்து நீட்டவே கூடாதது! உங்கள் மாநில விதியை முதலில் படியுங்கள். தோட்டாவின் அளவை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பாதீர்கள்.

சரி, ரைஃபிள் என்ன கூடுதலாகத் தருகிறது? இங்கேதான் ஒவ்வொரு தோட்டாவும் ஒவ்வொரு மாதிரி. .357 மேக்னத்தில் 158 கிரெய்ன் எடையுள்ள குண்டு நாலங்குல ரிவால்வரிலிருந்து வினாடிக்கு 1,200 அடி அளவில் கிளம்பும். அதே தோட்டா 18 அல்லது 20 அங்குலக் குழலில் 1,750, 1,800 அடி வரை போகிறது. வேகம் ஒன்றரை மடங்கு ஆகும்போது ஆற்றல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. மருந்து நிதானமாக எரிகிற ரகம். குட்டைக் குழலில் அதன் சூடான வாயுவில் ஒரு பங்கு வெளியே வந்து தீப்பிழம்பாக வீணாகிறது, நீளக் குழலில் உள்ளேயே இருந்து குண்டைத் தள்ளுகிறது. மூடிய ரேஞ்சில் .357-ஐ ரிவால்வரில் சுட்டால் பக்கத்து வரிசையில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். ரைஃபிளில் சுட்டால் அவ்வளவு அதிர்ச்சி இல்லை. காதுக் கவசம் இரண்டுக்குமே கட்டாயம், அது வேறு விஷயம்.

.44 மேக்னமும் நன்றாகவே ஏறும். 240 கிரெய்ன் குண்டு ரிவால்வரில் 1,350 அடி என்றால் ரைஃபிளில் 1,750 சுமார். ஆனால் சாதாரண .38 ஸ்பெஷலும் .45 கோல்ட்டும் அப்படி இல்லை. அவற்றில் இருக்கும் கொஞ்ச மருந்து சில அங்குலத்திலேயே எரிந்து முடிந்துவிடும். நூறு, நூற்றைம்பது அடி கூடினால் பெரிது. ரிவால்வர்த் தோட்டாவை ரைஃபிளில் போட்டு ஆதாயம் பார்க்க வேண்டுமென்றால் .357-க்கு நிகரில்லை என்பது என் முடிவு. கரடி திரியும் நாட்டில் இருப்பவர்கள் .44 பக்கம் போகட்டும். எனக்கு நூறு கெஜத்துக்குள் நிற்கும் வெள்ளைவால் மான்தான் விஷயம், அதற்கு .357 போதும், ஆனால் நூறு கெஜத்துக்குள் மட்டும்தான்.

ஆபீசில் திண்டுக்கல்காரத் தம்பி ஒருவர். கௌபாய் படப் பைத்தியம். "அண்ணா, எனக்கு .45 கோல்ட்தான் வேணும். அந்தக் காலத்துல இடுப்புல ஒண்ணு, குதிரைச் சேணத்துல ஒண்ணு, ரெண்டுக்கும் அதே தோட்டாதானே?" என்றார்.

"இடுப்புல இருந்தது சரிப்பா. சேணத்துல இருந்தது அது இல்லையே" என்றேன்.

1873-இல் இரண்டு துப்பாக்கிகள் வந்தன. கோல்ட் கம்பெனியின் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வர் .45 கோல்ட்டில், வின்செஸ்டரின் 1873 ரைஃபிள் .44-40 என்ற வேறு தோட்டாவில். இரண்டும் ஒன்றோடொன்று சேராது. இரண்டுக்கும் ஒரே தோட்டா வேண்டும் என்று கேட்டவர்களுக்காக, 1878-இல் கோல்ட்தான் இறங்கிவந்து தன் ரிவால்வரை .44-40-இல் செய்து கொடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் .45 கோல்ட்டுக்கு லீவர் ரைஃபிளே கிடையாது. அந்தக் கூட்டின் அடிவிளிம்பு அப்போது மிகச் சிறியது. ரிவால்வரில் கம்பியால் தள்ளி வெளியேற்றுவதால் விளிம்பு சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை. ரைஃபிளில் கொக்கி பிடித்து இழுக்க வேண்டும், பிடிக்க ஒன்றும் இல்லை. இன்றைய கூடுகளில் விளிம்புக்கு முன்னால் ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். அதனால்தான் இப்போது .45 கோல்ட் லீவர் ரைஃபிள்கள் ஓடுகின்றன.

தம்பியிடம் நான் கவலைப்பட்டுச் சொன்னது வரலாற்றை அல்ல, அழுத்தத்தை. .45 கோல்ட்டின் அதிகாரபூர்வ உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு. .357 மேக்னத்துக்கு 35,000. ஆனால் உறுதியான ரைஃபிளும் ரூகர் பிளாக்ஹாக் போன்ற தடித்த ரிவால்வரும் .45-இல் இன்னும் அதிகம் தாங்கும் என்பதால், வேட்டைக்கென்று மிக அதிக அழுத்தத் தோட்டாக்களைச் சில சின்ன கம்பெனிகள் விற்கின்றன. டப்பாவில் 'ரூகருக்கு மட்டும்' என்கிற மாதிரி எச்சரிக்கை இருக்கும். அதையே கோல்ட் ரிவால்வரிலோ அதன் இத்தாலிய நகல்களிலோ போட்டால் சிலிண்டர் வெடித்துக் கை போகலாம். ரூகர் என்று போட்டிருக்கிறதே என்றும் நிம்மதியாக இருக்க முடியாது. ரூகரின் வக்கேரோ ரிவால்வரையே எடுத்துக்கொள்ளுங்கள், 1993-இல் வந்த பழைய வக்கேரோ பெரிய உடம்பு. 2005-இலிருந்து வரும் நியூ வக்கேரோ சின்ன உடம்பு, அதற்கு இந்தத் தோட்டாக்கள் ஆகாது. கடைக் கண்ணாடிக்குள் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும்.

.357-இல் இந்த ஆபத்தை வடிவமைத்தவர்களே அடைத்துவிட்டார்கள். 1935-இல் அதைக் கொண்டுவந்தபோது, பழைய .38 ஸ்பெஷல் கூட்டையே ஏறத்தாழ எட்டில் ஒரு அங்குலம் நீட்டினார்கள். அதனால் .38 ரிவால்வரின் சிலிண்டருக்குள் .357 முழுதாக நுழையவே நுழையாது. .44 ஸ்பெஷலுக்கும் .44 மேக்னத்துக்கும் அதே ஏற்பாடு. .45 கோல்ட்டில் இந்தப் பூட்டு இல்லை; பலமான தோட்டாவும் பலவீனமான தோட்டாவும் ஒரே நீளம். ரைஃபிளுக்கு வாங்கிய டப்பா இருட்டில், அவசரத்தில், ரிவால்வருக்குள் போய்விடக் கூடாது என்பதை நீங்கள்தான் கவனிக்க வேண்டும். புதுப் பிரச்சினையும் இல்லை இது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே .44-40-இல் ரைஃபிளுக்கு மட்டுமான வேகத் தோட்டாக்களை விற்று, ரிவால்வரில் போடாதே என்று எச்சரித்திருக்கிறார்கள்.

தம்பி இன்னும் எச்1பி விசாவில் இருக்கிறார், ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். கிரீன் கார்டு இருந்தால் கடையில் வாங்கத் தடையில்லை. தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்திய சட்டப்படி பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. கடையில் துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் இதைத் தனிக் கேள்வியாகவே கேட்பார்கள். அந்தப் படிவத்தில் தெரிந்தே தவறான பதில் எழுதுவது சிறைக்குரிய குற்றம், குடியேற்ற வழக்கில் அது தலைக்கு மேல் கத்தி. வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்றுதான் தம்பியிடமும் சொன்னேன்.

இனி நீளம். '.357 ரைஃபிளில் .38-ம் ஓடும்' என்று எல்லோரும் சொல்வார்கள். ரிவால்வரில் அது நூற்றுக்கு நூறு உண்மை. லீவர் ரைஃபிளில் பாதி உண்மை. ரிவால்வரில் தோட்டாவை நாம் கையால் ஓட்டையில் வைக்கிறோம். லீவர் ரைஃபிளில் குழலுக்குக் கீழே உள்ள மேகசின் குழாய்க்குள் வரிசையாகப் படுத்திருக்கும் தோட்டாக்களில் ஒன்று பின்னால் வந்து, ஒரு சின்ன தூக்கியின் மேல் ஏறி, மூக்கை நிமிர்த்தி, சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள், போக வேண்டும். குட்டைத் தோட்டா என்றால் அந்தப் பயணத்தில் கோணம் மாறிவிடும்.

ரேஞ்சில் ஒரு நண்பரின் ரைஃபிளை வாங்கி என் தோட்டாக்களைப் போட்டுப் பார்த்தேன். முதலில் .38, தோள் வைத்த செமி வாட்கட்டர் குண்டு. லீவரைக் கீழே தள்ளினேன், தூக்கி ஏறியது. திரும்ப மேலே இழுக்கும்போது பாதி வழியில் 'டக்' என்று நின்றது. மேலேயிருந்து எட்டிப் பார்த்தால், குண்டின் மூக்கு சேம்பர் வாய்க்குள் போயிருக்கிறது, அதன் தோள் விளிம்பு மட்டும் கீழ் உதட்டில் முட்டிக்கொண்டு நிற்கிறது. லீவரை ஒரு நூல் தளர்த்தித் திரும்ப அழுத்தினால் போகும். அடுத்த தோட்டாவும் அதே இடத்தில் நின்றது. பிறகு உருண்டை மூக்கு .38 போட்டேன், வழுக்கிக்கொண்டு போனது. அப்புறம் அதே செமி வாட்கட்டர் குண்டு, ஆனால் .357 கூட்டில். அதுவும் ஒழுங்காகப் போனது. மொட்டை வாட்கட்டரை, குண்டு கூட்டின் வாயோடு வாயாக நிற்குமே, அதை முயன்றுகூடப் பார்க்கவில்லை. குழாய் மேகசின் துப்பாக்கிக்கு அது சரிப்படாது.

ஆகவே என் யோசனை: ரைஃபிளைப் பார்க்கப் போவதற்கு முன் உங்கள் ரிவால்வர் உண்மையில் எதைத் தின்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். வாரா வாரம் சுடுவது .38 செமி வாட்கட்டரா, .38 உருண்டை மூக்கா, .357 தட்டை மூக்கா? அதே நீளம், அதே மூக்கு உள்ள போலித் தோட்டாக்கள் கிடைத்தால் கடையில் கேட்டு ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலான கடைகளில் நிஜத் தோட்டாவை உள்ளே போட விடமாட்டார்கள், அது நியாயம். இல்லையென்றால் ரேஞ்சில் வாடகைக்குக் கிடைக்கிறதா பாருங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: லீவரைப் பயந்து பயந்து மெதுவாக ஆட்டினால் நல்ல துப்பாக்கியும் சிக்கும். கடைசிவரை தள்ளி, கடைசிவரை இழுக்க வேண்டும்.

குழாய் மேகசினில் ஒரு தோட்டாவின் மூக்கு முன்னாலிருக்கும் தோட்டாவின் அடியில் உள்ள பிரைமரை, அதாவது ஊசி அடித்ததும் பற்றிக்கொள்ளும் பொட்டை, தொட்டுக்கொண்டு கிடக்கும். கூர்மூக்கு குண்டு போட்டால் உதைப்பின் அதிர்ச்சியில் அதுவே ஊசியாக வேலை செய்துவிடலாம். தட்டை மூக்கு வாங்குவது நல்லது. கூர்மூக்கு வேண்டும் என்பவர்களுக்கு ஹார்னடி கம்பெனி ரப்பர் போன்ற மெத்து நுனி வைத்த லெவரெவல்யூஷன் தோட்டாக்களை விற்கிறது. இன்னொன்று, கூட்டின் வாய் குண்டை இறுக்கிக் கடித்திருக்க வேண்டும். ரிவால்வரில் உதைப்பு குண்டை முன்னால் இழுக்கப் பார்க்கும், நழுவினால் சிலிண்டர் சுற்றாது. ரைஃபிளில் ஸ்பிரிங் அதைப் பின்னால், கூட்டுக்குள் அழுத்தப் பார்க்கும், அழுந்தினால் அழுத்தம் எகிறும். திசைதான் வேறு, தீர்வு இரண்டுக்கும் அந்த இறுக்கமான கடிதான். வீட்டில் தோட்டா கட்டிக்கொள்ளும் நண்பர் கொடுத்தார் என்று வாங்கிப் போடுவதில் எனக்கு விருப்பமில்லை.

மாடல்களுக்கு வருவோம். வின்செஸ்டர் 1892 ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. இன்று பிரேசிலின் ரோஸி அதன் நகலைச் செய்கிறது. வின்செஸ்டர் பெயரிலேயே ஜப்பானில் மிரோக்கு செய்து தருகிறது. லேசானது, ஒல்லி, உறுதி. காட்டில் தூக்கி நடக்க அதுதான் சுகம். ஆனால் காலிக்கூடு மேல்பக்கமாகத் தெறிக்கும், அதனால் வழக்கமான இடத்தில் ஸ்கோப் வைக்க முடியாது. ஐம்பதை நெருங்கும் என் கண்ணுக்கு, பின் குறியும் முன் குறியும் மானும் மூன்றும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிந்த காலம் போய்விட்டது. மேல்மூடி திடமாக, கூடு பக்கவாட்டில் தெறிக்கும் மார்லின் 1894-ம் ஹென்றி பிக் பாயும்தான் எனக்குத் தோது. மார்லின் 2020-இல் ரூகர் கைக்கு மாறியது.

நான் வாங்கியது ஹென்றியின் எஃகு மாடல், தோட்டாவை உள்ளே நுழைக்கப் பக்கவாட்டு வாசல் உள்ளது. அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அழகோ பெயரோ இல்லை, தோட்டாவை வெளியே எடுக்கும் விதம். பக்கவாட்டு வாசல் மட்டும் உள்ள ரைஃபிளைக் காலி செய்ய, ஒவ்வொரு தோட்டாவையும் லீவர் ஆட்டி சேம்பர் வழியாக வெளியே கொண்டுவர வேண்டும். ஹென்றியில் முன்பக்கக் குழாயின் உட்குழலை உருவினால் தோட்டாக்கள் கையில் கொட்டிவிடும். சேம்பரில் இருக்கும் ஒன்றை மட்டும் லீவரால் எடுத்தால் போதும். ஒஹாயோவில் தோட்டா நிரப்பிய ரைஃபிளை வண்டியில் வைக்கக் கூடாது. விடியலுக்கு முன் ஓரிடம், மதியம் இன்னோரிடம் என்று மாறும்போதெல்லாம், விறைத்த விரல்களோடு இந்தக் காலி செய்யும் வேலை வரும். மான் சீசனில் சேம்பரும் மேகசினும் சேர்த்து மூன்று தோட்டாவுக்கு மேல் நிரப்பவும் கூடாது. பத்து பிடிக்கும் குழாய் என்று கடையில் சொல்வது அங்கே உதவாது. எடைதான் குறை. எஃகு மாடல் ஏழு பவுண்டு சுமார். பித்தளை மாடல் எட்டரையைத் தாண்டும். பித்தளை சுவரில் மாட்ட அழகு, மலையேற வேண்டாம்.

கௌபாய் உடையில் போட்டிக்குப் போகிறவர்களின் கணக்கு வேறு. அவர்கள் 1873 நகல்களை, முக்கியமாக இத்தாலியின் உபெர்ட்டியை, .38-க்காகவே வாங்குகிறார்கள். அங்கே ரைஃபிள் குண்டு 1,400 அடி வேகத்தைத் தாண்டக் கூடாது என்பதால் மேக்னத்துக்கு வேலையே இல்லை.

குறி சரிபார்க்கும்போது ஜோடிக் கனவு இன்னொரு முறை இடிக்கும். ரைஃபிளை .357-க்கு 75 கெஜத்தில் சரி செய்து வைத்திருக்கிறேன். அதே குறியில் .38 சுட்டால் 50 கெஜத்திலேயே மூன்று நான்கு அங்குலம் கீழே விழுகிறது, நூறில் ஒரு சாணுக்கு மேல். அதனால் .38 எனக்கு 25 கெஜத்துப் பயிற்சிக்கும், என் மனைவி ரசித்துச் சுடுவதற்கும் மட்டும். உதைப்பு தெரியாது, சத்தம் குறைவு, ரிவால்வரைத் தொடவே மாட்டேன் என்றவர் ரைஃபிளில் .38 என்றால் டப்பாவைக் காலி செய்துவிடுகிறார். வேட்டைக்கு 158 கிரெய்ன் மெது மூக்கு .357 தனியாக, வேறு நிற டப்பாவில். அப்படிப் பார்த்தால் ஒரே டப்பா என்பது என் வீட்டில் நடக்கவில்லை, இரண்டு டப்பா. ஆனால் அந்த இரண்டையுமே ரிவால்வரும் தின்னும். மிச்சம் என்றால் அதுதான் மிச்சம்.

.38-ஐ ரைஃபிளில் சுடும்போது சத்தத்தைக் கவனிக்க வேண்டும். மிக மெலிந்த தோட்டாவில் குண்டு நீளக் குழலுக்குள்ளேயே நின்றுவிட வாய்ப்புண்டு. வழக்கமான சத்தத்துக்குப் பதில் 'புஸ்' என்றால் அடுத்ததைச் சுடாமல் காலி செய்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். அதோடு .38 நிறையச் சுட்டால் சேம்பருக்குள், குட்டைக் கூடு முடியும் இடத்துக்குச் சற்று முன்னால், கரி வளையமாகப் படியும். அடுத்த வாரம் .357 போட்டால் கடைசி நூலில் இறுகும், அல்லது சுட்ட கூடு வெளியே வர அடம்பிடிக்கும். சேம்பர் பிரஷில் சால்வெண்ட் நனைத்து விட்டு, பத்து நிமிடம் ஊறவைத்துச் சுழற்றித் தேய்த்தால் போய்விடும். சீசனுக்கு முந்தைய வாரம் நான் இதைச் செய்துவிட்டு, வேட்டைத் தோட்டாவையே மூன்று ஓட்டிப் பார்த்துத்தான் உறையில் போடுவேன்.